தேதி அக்காவின் பூசணி விதை

தையல்காரர்கள் பொய் சொல்வார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். வியாழக்கிழமை வா என்பார்கள். போனால் பட்டன் மட்டும்தான் பாக்கி என்பார்கள். மறுநாள் போனால் துணி இன்னும் வெட்டாமல், நாம் கொடுத்த மடிப்புக் கலையாமல் கிடக்கும். என் அக்கா அந்த ரகம் இல்லை. துணியோடு ஒரு ஆள் வாசலில் ஏறினால், அளவெடுப்பதற்கு முன்பே நோட்டைத் திறந்து தேதியை எழுதுவாள். எழுதிவிட்டால் முடிந்தது. காய்ச்சலாகட்டும், கரண்ட் இல்லாமல் போகட்டும், எங்கள் அம்மா செத்துப்போன வாரமாகவே இருக்கட்டும், அந்தத் தேதியில் உடுப்பு மடித்துத் தயாராக இருக்கும். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு தேதி தவறியதில்லை. அதனால் தெருவில் அவளுக்குத் தேதி அக்கா என்றே பேர் வந்துவிட்டது. என்னைத் தேதியக்கா தங்கச்சி என்பார்கள். எனக்கென்று ஒரு பட்டப்பேர் வைக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை, அது வேறு கதை.

அவள் வெட்டுவாள், தைப்பாள். நான் காஜா எடுப்பேன், பட்டன் தைப்பேன், இஸ்திரி போடுவேன். வருகிறவர்களிடம் வாயடிப்பதும் என் வேலைதான், ஏனென்றால் அக்கா வாயில் எப்போதும் நாலு குண்டூசி இருக்கும். முன்னறையில் ரெண்டு மெஷின், ஒரு வெட்டு மேஜை, ஜன்னலுக்குக் கீழே என் இஸ்திரி மேஜை. அதைத் தாண்டி ஒரு படுக்கையறை, அப்புறம் சமையலறை. சமையலறைக் கதவைத் திறந்தால் மூன்று படி இறங்கி ஒரு குழாயடி, அதற்கு அப்பால் கொஞ்சம் மண். நீளத்தில் பத்துத் தப்படி, அகலத்தில் ஏழு தப்படி. அவ்வளவுதான் எங்கள் ராஜ்ஜியம். அக்காவின் வீட்டுக்காரர் மகனுக்கு மூன்று வயசாகும்போது இறந்துபோனார். என் வீட்டுக்காரர் இறக்கவில்லை, எங்கேயோ சௌக்கியமாக இருக்கிறார், நல்லா இருக்கட்டும். ஆக, இந்த வீட்டை வாங்கியது, கட்டிக் காத்தது, மகனைப் படிக்கவைத்தது எல்லாம் அக்காவின் வலது கால். அந்தக் காலால்தான் மெஷினை மிதித்தாள்.

பின்பக்க மண்ணில் அவள் காய்கறி போட்டாள். வெள்ளரி, தக்காளி, அவரை, வெங்காயம், பூசணி. பூசணியில் மட்டும் அவளுக்கு ஒரு கிறுக்கு. முதல் விதை எங்கிருந்து வந்ததென்று யாருக்கும் ஞாபகமில்லை. ஒவ்வொரு வருஷமும் முதலில் பழுக்கிற காயை வெட்டாமல் விட்டு, நன்றாக முற்றியபின் அதன் விதையில் கனமானதாகப் பொறுக்கி, அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைப்பாள். பதினோரு வருஷம் இப்படியே செய்ததில் காய் சிறுத்து, சதை தடித்து, ரெண்டு கைக்குள் அடங்குகிற அளவுக்கு வந்து நின்றது. ரெண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு அதற்கு மேல் எதற்குப் பூசணி? கடையில் அந்த அளவு கிடைக்காது, நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

விதை வைப்பதற்கென்று தனியாக எதுவும் வாங்கியதில்லை. பட்டன் எங்களுக்குச் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் உறைகளில் வரும். காலியான உறையை அக்கா தூக்கிப் போடமாட்டாள். காய்ந்த விதையை அதில் கொட்டி, என்ன விதை என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி உள்ளே போட்டு, வாயை மடித்து ஒரு தகர டப்பாவில் அடுக்கிவிடுவாள்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில் பின்வாசல் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் கம்பி வைத்தார்கள். அங்கேயும் சும்மா இருந்தாளா என்றால் இல்லை. நோட்டில் தேதி எழுதிய உடுப்புகளைக் கொண்டுவரச் சொல்லி, கட்டிலில் சாய்ந்தபடியே கைத்தையல் போட்டாள். நர்ஸம்மா வந்து ஊசியைப் பிடுங்கிக்கொண்டு போனாள். அக்கா இன்னொரு ஊசியைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள். வீட்டுக்கு வந்த பிறகு குந்தி உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குந்தாமல் எப்படி மண் வேலை செய்வது? எனக்கோ செடி என்றால் ஆகாது, புழுவைப் பார்த்தால் மயக்கம் வரும். மண் சும்மா கிடந்தது. நாங்கள் அங்கே துணி காயப் போட்டோம்.

போன மாசம் குழாயடியில் அக்கா மறுபடி வழுக்கினாள். விழுந்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது, உட்கார்ந்தாள். எழுந்து உடுப்பை உதறிக்கொண்டு மெஷினுக்குப் போய்விட்டாள். நான் பேசாமல் இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? மகனுக்குப் போன் போட்டு, "உங்கம்மா இன்னைக்கு மறுபடி விழுந்துட்டா, நல்லவேளை ஒண்ணும் ஆகலை" என்று சொல்லித் தொலைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே மகனும் மருமகளும் வந்து இறங்கினார்கள்.

மகன் லிஃப்ட் பழுது பார்க்கிற கம்பெனியில் சூப்பர்வைசர். ஐந்தாவது மாடியில் வீடு. நல்ல பிள்ளை, குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். ஆனால் எதையும் மேலே தூக்கிப் பத்திரமாக வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிற பிள்ளை.

"அம்மா, போதும். மெஷினை மூடிட்டு எங்கூட வந்துடு. உனக்குன்னு ஒரு ரூம் ஒதுக்கியாச்சு. இந்த வீட்டை வாடகைக்கு விட்டுடலாம். சித்தியும் வரட்டும்" என்றான்.

சித்தியும் வரட்டுமாம். சட்டைக்கு உள்பக்கம் உபரியாக ஒரு பட்டன் தைத்துக் கொடுப்போமே, அது மாதிரி.

"அங்க வந்து நான் என்ன பண்றது?" என்று அக்கா கேட்டாள்.

"ஒண்ணும் பண்ண வேண்டாம். அதுக்குத்தான் வரச் சொல்றேன்."

"இங்க எனக்கு வேலை இருக்கு."

"எத்தனை நாளைக்கும்மா? பின்பக்கம் போய்ப் பாரு. அஞ்சு வருஷமா ஒரு செடி உண்டா? உன்னால முடியலைன்னுதானே அர்த்தம்? இன்னைக்கு மண்ணு, நாளைக்கு மெஷின்."

அது அவளுக்கு எங்கே பட்டது என்று எனக்குத் தெரியும். முகம் மாறவில்லை. எழுந்து, கம்பி வைத்த இடுப்பைக் கையால் தாங்கிக்கொண்டு அலமாரிக்குப் போனாள். தகர டப்பாவை எடுத்து வந்து வெட்டு மேஜையில் வைத்துத் திறந்தாள்.

"விதை இருக்கு. போட்டாச் செடி வரும்" என்றாள்.

மகன் சிரித்துவிட்டான். "அது அஞ்சு வருஷத்து விதைம்மா. உள்ள செத்துப் போயிருக்கும்."

மருமகள் உடனே போனை எடுத்துத் தேடிப் படித்தாள். "வெங்காய விதை ஒரு வருஷம்தானாம் அத்தை. அவரை மூணு வருஷம். தக்காளி, வெள்ளரி, பூசணி எல்லாம் நல்லா வெச்சிருந்தா அஞ்சாறு வருஷம் தாங்குமாம்." அவள் உதவி செய்வதாகத்தான் நினைத்தாள். நல்லா வெச்சிருந்தா என்ற இடத்தில் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. உறைத்திருக்க வேண்டும்.

அக்கா உறைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். வெங்காய விதையை முகர்ந்துகூடப் பார்க்காமல் குப்பையில் கொட்டினாள். அவரையைக் கொட்டிப் பார்த்தால் பாதி விதையில் வண்டு துளைத்த ஓட்டை. அதுவும் குப்பைக்குப் போனது. வெள்ளரி, தக்காளி, பூசணி மூன்றும் மேஜையில் மிச்சம் இருந்தன.

"இந்த மூணுலயும் பத்துப் பத்து எடுத்து ஈரத்துணியில வைக்கிறேன். முப்பதுல பாதி முளைச்சா நான் இங்கதான் இருப்பேன், அப்புறம் இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. முளைக்கலைன்னா மெஷினை மூடிட்டு உங்கூட வந்துடறேன். ரெண்டு வாரம் கழிச்சு ஞாயித்துக்கிழமை வா."

கோபத்தில் ஒரு மனுஷி எதை வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் சொன்னது தேதி அக்கா. நோட்டில் எழுதவில்லையே தவிர எழுதின மாதிரிதான். மகனும் அவளைத் தெரிந்தவன் ஆதலால் சரி என்று உடனே தலையாட்டினான்.

அவர்கள் போனதும் என் வெட்டுத்துணிக் கூடையிலிருந்து மூன்று பழைய பருத்தித் துண்டு எடுத்தாள். நனைத்துப் பிழிந்து, விதைகளைப் பரப்பி, சுருட்டி, மூன்று தட்டில் வைத்தாள். என் இஸ்திரி மேஜையின் ஓரத்தில், சுவர்ப் பக்கமாக, லேசான வெதுவெதுப்பு இருக்கிற இடத்தில் அவற்றுக்கு இடம் போட்டாள். காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தாள். நான் அவளுக்குத் தெரியாமல் ஒரு நாளைக்கு எட்டுத் தடவை பிரித்துப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் வெள்ளரி முளைத்திருக்க வேண்டும். முளைக்கவில்லை. ஐந்தாம் நாள் பூசணியாவது வாய் திறந்திருக்க வேண்டும். இல்லை. ஏழாம் நாள் தக்காளித் துணியைப் பிரித்தபோது ஒரு புளித்த வாடை வந்தது. அக்கா பார்த்தாள், சுருட்டினாள், தண்ணீர் தெளித்தாள்.

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் தன் காக்கிச் சட்டைக்குத் துணி தர வந்தவர், தட்டுகளைப் பார்த்துவிட்டு மூக்கை நுழைத்தார். "இதெல்லாம் எதுக்கு இவ்வளவு கஷ்டம்? தண்ணில போட்டுப் பாருங்க. முங்கினா உசுரு இருக்கு, மிதந்தா தூக்கிப் போடுங்க."

"பூசணி விதை நல்லதும் மிதக்கும்" என்றாள் அக்கா. "உங்க வேன் டயர்கூடத்தான் தண்ணில மிதக்கும். அதுக்காகக் கழட்டிப் போட்டுட்டீங்களா?"

வேன்காரர் சிரித்தார். "அப்போ கடையில புதுப் பாக்கெட் வாங்கிப் போட வேண்டியதுதானே?"

"கடை விதை முளைச்சா கடைக்காரன் ஜெயிச்சான். அதுல எனக்கு என்ன?"

அது சரி, சட்டை எப்போது கிடைக்கும் என்று கேட்டார். அக்கா நோட்டைத் திறந்தாள். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். "சனிக்கிழமைக்குள்ள முடிக்கிற மாதிரி இருந்தா குடுங்க. அதுக்கு மேல நான் தேதி எழுதறதில்லை" என்றாள். அதன் பிறகுதான் கவனித்தேன், நோட்டில் மகன் வரப்போகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை. வந்த துணிகளை எனக்குத் தெரியாமல் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறாள். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பதினோராம் நாள், வியாழக்கிழமை. ஒரு கடையின் வேலையாட்களுக்கு எட்டுச் சட்டை தைத்திருந்தோம். பையில் ஒட்டுவதற்குக் கடையின் முத்திரையைத் தனியாகக் கொடுத்திருந்தார்கள். மேலே செய்தித்தாள் போட்டுச் சூடாக அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் வகை. நானும் பேப்பரைப் போட்டு, பெட்டியை வைத்து அழுத்தினேன். மெல்ல ஒரு பிளாஸ்டிக் வாடை எழுந்தது. எனக்குக் கை நின்றுவிட்டது.

இதே வாடை. இதே மேஜை. ஐந்து வருஷத்துக்கு முன்னால், அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நான்தான். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. டப்பாவைத் திறந்து பார்த்தேன், உறைகள் எல்லாம் வாயைத் திறந்துகொண்டிருந்தன. ஈரம் ஏறினால் அக்காவின் விதை கெட்டுப்போகுமே என்று, எனக்கு இல்லாத புத்தியை எல்லாம் கூட்டி, இஸ்திரிப் பெட்டியால் உறைகளின் வாயை ஒட்டி மூடினேன். அப்புறம் ஆஸ்பத்திரி, மருந்து, உடுப்பு என்று ஓடினதில் அது அடியோடு மறந்துபோயிற்று.

அன்று மதியம் வரை சொல்லவில்லை. சொன்னால் என்னைக் கொன்றுவிடுவாள். சொல்லாவிட்டால் ஐந்தாம் மாடிக்குப் போய்விடுவாள். ரெண்டையும் எடை போட்டுப் பார்த்துவிட்டு, கொன்றாலும் பரவாயில்லை என்று போய் நின்றேன்.

"அக்கா, ஒரு விஷயம் சொன்னா அடிக்கக் கூடாது."

"சொல்லு."

சொன்னேன். அவள் மெஷினை நிறுத்தினாள். வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசி மெத்தையில் குத்தினாள்.

"ஓரத்துல மட்டும் ஒட்டினியா, பெட்டியை முழுசா வெச்சியா?"

"ஓரம் ஒட்ட மாட்டேன்னுது. அதனால முழுசா வெச்சு அழுத்தினேன்."

"பட்டுச் சூடா, பருத்திச் சூடா?"

"பருத்தி."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். "அடிப்பாவி. விதைக்கு இஸ்திரி போட்ட ஒரே பொம்பளை நீதான்டி."

"கடைசி உறையை மட்டும் ஒட்டலை. அதுக்குள்ள கரண்ட் போயிடுச்சு. வாயை மடிச்சுக் குண்டூசி குத்தி வெச்சேன்."

அவள் டப்பாவை எடுத்து வரச் சொன்னாள். இப்போது பார்த்தால் எல்லாம் தெரிந்தது. மேலே இருந்த எல்லா உறைக்கும் வாய் உருகி ஒட்டியிருந்தது. சோதனைக்கு எடுத்தபோது அக்கா அவற்றைக் கத்தரியால் பக்கவாட்டில் வெட்டித்தான் திறந்திருக்கிறாள். பழைய பிளாஸ்டிக், தானாக ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்தாளாம். டப்பாவின் அடியில், அன்றைக்குக் கண்ணில் படாமல் போன, பூசணி என்று எழுதிய இன்னொரு உறை, வாயில் துருப்பிடித்த குண்டூசியோடு கிடந்தது. உள்ளே பதினோரு விதை.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அக்கா, அப்போ விதை வயசாகிச் சாகலை. நான்தான் சாகடிச்சேன். இதை ஞாயித்துக்கிழமை அவன்கிட்ட சொல்லிடலாம்."

"சொல்லக் கூடாது."

"ஏன்?"

"முளைச்சா இருக்கேன், முளைக்கலைன்னா வர்றேன்னு சொன்னேன். ஏன் முளைக்கலைன்னு பேச்சே இல்லை. நாள் வந்ததும் சாக்குச் சொல்ற தையல்காரியா நான்?"

என்ன சொல்லியும் கேட்கவில்லை. அவள் நேர்மையைத் தூக்கிக் குழாயடியில் போட்டு அடித்துத் துவைக்கலாம் போல இருந்தது எனக்கு. வெள்ளிக்கிழமை மெஷினுக்கு எண்ணெய் விட்டு, துடைத்து, மூடி போட்டாள். சனிக்கிழமை வேன்காரர் சட்டையை வாங்கிக்கொண்டு போனார். அவள் நூல்கண்டுகளை நிறம் பிரித்து ஒரு பெட்டியில் அடுக்கினாள். நான் அவளோடு பேசவில்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தேன். அவள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை, அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மகனும் மருமகளும் வந்தார்கள். வெறும் கையோடு வரவில்லை, சாமான் கட்ட நாலு அட்டைப்பெட்டியும் கொண்டுவந்திருந்தார்கள். அக்கா மூன்று துணியையும் பிரித்து வெட்டு மேஜையில் விரித்தாள். முப்பது விதையும் ஊறி, நிறம் செத்து, போட்டது போட்டபடி கிடந்தன. மகன் குனிந்து பார்த்தான். அவன் சந்தோஷப்படவில்லை, அதையும் சொல்ல வேண்டும். தட்டை மெதுவாக நகர்த்தி வைத்துவிட்டு, "சரிம்மா, விடு" என்றான்.

என்னால் முடியவில்லை. அக்கா முறைத்ததைப் பார்த்தும் பார்க்காத மாதிரி, "டேய், அது நான் இஸ்திரி போட்ட விதைடா" என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவன் நம்பவில்லை. "சித்தி, உங்களுக்கு இங்கேயிருந்து வர இஷ்டமில்லை. அதுக்காக இப்படி ஒரு கதையா?"

"கதையா? இந்தா பாரு." உருகி ஒட்டின உறைகளையும் குண்டூசி குத்தின உறையையும் அவன் முன்னால் தள்ளினேன். அவன் ரெண்டையும் தடவித் தடவிப் பார்த்தான். மருமகள் உருகின விளிம்பை நகத்தால் கீறிப் பார்த்து, "இது சூட்டுல ஒட்டினதுதாங்க" என்றாள். அன்றைக்குத்தான் அவளை எனக்குப் பிடிக்க ஆரம்பித்தது.

அவன் பெருமூச்சு விட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். நியாயமான பிள்ளை. "சரிம்மா. இந்தப் பதினொண்ணை வெச்சுப் பாரு. இன்னும் ரெண்டு வாரம் டைம் தர்றேன்."

நான் கையெடுத்துக் கும்பிடப் போனேன். ஆனால் அக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை நான் முப்பது வருஷத்தில் ஒரு தடவையோ ரெண்டு தடவையோதான் பார்த்திருக்கிறேன்.

"நீ எனக்கு டைம் தர்றியா?" என்றாள்.

"இல்லம்மா, நான் சொல்ல வந்தது..."

"ஊருக்கெல்லாம் நான்தான் தேதி குடுத்திருக்கேன். நான் வாங்கின வீட்ல நான் இருக்கறதுக்கு நீ எனக்குத் தேதி குடுப்பே, நான் ரெண்டு வாரம் ஒரு விதை வாயைப் பார்த்துட்டு உக்காந்திருக்கணும். அது முளைச்சா நான் மனுஷி, முளைக்கலைன்னா சாமான். அப்படித்தானே?"

"நீதானேம்மா பந்தயம் கட்டினே? நீதானே வாக்குக் குடுத்தே?"

"ஆமா, நான்தான் குடுத்தேன். இப்போ திருப்பி எடுத்துக்கறேன்."

அவள் முகம் சிவந்து, கழுத்து நரம்பு துடித்தது. அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். இடுப்பெலும்பு உடைந்தபோதுகூட அவள் இப்படி நடுங்கவில்லை. முப்பத்தொரு வருஷத்தில் அவள் தவறவிட்ட முதல் தேதி அதுதான். தெரிந்தே தவறவிட்டாள்.

"அப்போ நான் என்ன சொன்னாலும் வரமாட்டே" என்றான் மகன்.

"கோபத்துல அன்னைக்குத் தப்பாப் பேசிட்டேன். விதையைக் கேட்டு முடிவு பண்ற விஷயம் இல்லை இது. இருக்கணும்னு எனக்கு இஷ்டம், இருக்கேன். அவ்வளவுதான்."

"மறுபடி விழுந்தா?"

"விழுந்தா உன்னைத்தான் கூப்பிடுவேன். வேற யாரைக் கூப்பிடறது? வந்து தூக்கி உக்கார வெச்சுட்டுப் போ. எங்க உக்கார வைக்கணும்னு நான் சொல்றேன்."

அவன் கோபமாகத்தான் போனான். அட்டைப்பெட்டிகளை எடுத்துப் போகக்கூட மறந்துவிட்டான். மருமகள் மட்டும் வாசலில் திரும்பி வந்து, குழாயடிப் படிக்கு ஒரு கைப்பிடிக் கம்பி போட ஆள் அனுப்புகிறேன் அத்தை என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போனாள். அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர்கள் போனதும் மெஷின் மூடியைக் கழற்றிவிட்டு, சும்மா அதன்மேல் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். அழுதாள் என்று நினைக்கிறேன். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

மறுநாள் காலை முன்னறை முக்காலியைப் பின்பக்கம் தூக்கி வரச் சொன்னாள். "குந்தத்தானே கூடாது? முக்காலில உக்காரக் கூடாதுன்னு டாக்டர் சொல்லலையே" என்றாள். ஐந்து வருஷமாக எங்கள் ரெண்டு பேருக்கும் இது தோன்றவில்லை பாருங்கள். மண்ணை நான்தான் கொத்தினேன். நாலு புழு வந்தது, நாலு தடவையும் கத்தினேன். மிச்சம் இருந்த இஸ்திரி விதைகளையும் போடலாமா, ஒன்று ரெண்டு பிழைத்திருந்தால் என்று கேட்டேன். "செத்ததுன்னு தெரிஞ்சதை மண்ணுல போட்டு மண்ணை ஏன் ஏமாத்தணும்?" என்று கொட்டிவிட்டாள். குண்டூசி உறையிலிருந்த பதினோரு பூசணி விதையை மட்டும் கையில் கொட்டி, ஒவ்வொன்றாக விரலால் அமுக்கிப் பார்த்தாள். பொக்காக இருந்த ரெண்டை ஒதுக்கினாள். ஒன்பதையும் முக்காலியில் உட்கார்ந்தபடி கட்டைவிரல் ஆழத்துக்குக் குத்தி மூடினாள். எப்போது முளைக்கும் என்று நான் கேட்டேன். அதற்கு அவள் தேதி சொல்லவில்லை.

பத்து நாள் ஆயிற்று. நாலு முளை வந்தது. மண்ணைத் தலையில் தூக்கிக்கொண்டு, தடித்த ரெண்டு இலையோடு, நாலே நாலு. ஒன்பதில் நாலு, பாதிகூட இல்லை. நான் அந்த நாலையும் பார்த்துவிட்டு உள்ளே ஓடி, தைத்துக்கொண்டிருந்தவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். புதிதாகப் போட்ட கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூன்று படியும் இறங்கி வந்து நின்று பார்த்தாள். சிரித்தாள். அப்போதுதான் அவள் போன் அடித்தது. மகன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் முதல் தடவையாகக் கூப்பிடுகிறான்.

சுற்றி வளைத்து ஏதேதோ பேசினான். சாப்பிட்டாயா, படிக் கைப்பிடி உறுதியாக இருக்கிறதா, சித்தி எப்படி இருக்கிறாள். கடைசியில் கேட்டான். போன் சத்தம் எனக்கே கேட்டது.

"அந்தப் பூசணி விதை முளைச்சுதாம்மா?"

நான் வாயைத் திறந்தேன். அக்கா ஒரு விரலை நீட்டி என்னை அடக்கினாள். நாலு முளையும் அவள் காலடியில் இருந்தன. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் வாயடைத்துப் போவான்.

"அது எதுக்கு உனக்கு?" என்றாள்.

"சும்மா, தெரிஞ்சுக்கத்தான்."

"நான் இங்க இருக்கேன். அதைத் தெரிஞ்சுக்கோ."